பாதி வேகத்தில் சுழன்ற இசைத்தட்டு

எலெக்ட்ரிக் கிட்டார் கற்றலில் பாடநூல்களைக் காட்டிலும் இசைத்தட்டே பெரிய ஆசானாக இருந்துவந்தது என்பதற்கு, மூன்று கலைஞர்களை இணைக்கும் ஒரு சங்கிலி நல்ல சான்றாகும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் தேர்ந்த பிரெடி கிங், 1961-இல் வெளியிட்ட ‘ஹைட் அவே’ என்னும் பாட்டில்லாத வாத்திய இசையை, இங்கிலாந்தின் எரிக் கிளாப்டன் கேட்டுப் பயின்று, 1966-இல் ஜான் மேயால் குழுவின் இசைத்தட்டில் தம் பாணியில் வாசித்தார். கிங்கிடம் அவர் கண்டெடுத்தவற்றுள் முதன்மையானது ‘பெண்டிங்’, அதாவது தந்தியை விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தும் முறை. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் எழுப்புவதை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

கலிபோர்னியாவில் வளர்ந்த எடி வான் ஹேலனோ கிளாப்டனின் தனிவாசிப்புகளைச் சுரம் பிசகாமல் மனப்பாடம் செய்தவர். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல வேண்டிய தட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால், இசை ஒரு ஸ்தாயி தாழ்ந்தாலும் சுரங்களின் பெயர் மாறுவதில்லை என்பதால், விரைவான வாசிப்பையும் காது பின்தொடர முடியும் என்பது அக்காலக் கற்போர் அறிந்த உத்தி. கிளாப்டனைப் படியெடுத்துப் பழகிய வான் ஹேலனின் ‘எரப்ஷன்’ (1978) என்னும் இசையிலோ, வலக்கை விரலாலும் விரற்பலகையில் தந்தியைத் தட்டி ஒலியெழுப்பும் ‘டாப்பிங்’ ஓங்கி நிற்கிறது. கிளாப்டனின் சாயலை அதில் கண்டுபிடிப்பது எளிதன்று.