லாசிக்கா, ஸ்மைலா? கருவிழி சொல்லட்டும்

கண்ணாடியைக் கழற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, 'எந்த லேசர் லேட்டஸ்ட்?' என்றுதான். ஆனால் கிட்டப்பார்வைக்கான எல்லா லேசர் முறைகளும் செய்வது ஒரே வேலை: கருவிழியின் நடுப்பகுதியில் திசுவைக் குறைத்து வளைவைத் தட்டையாக்குவது. சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல் எக்ஸைமர் லேசர் செதுக்கும் என்பதை 1981-ல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டவர்களில் ஒருவர், சென்னையில் பிறந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். முறைகள் வேறுபடுவது, அந்தத் திசுவை எந்த வழியாகச் சென்று எடுக்கிறோம் என்பதில்தான். பி.ஆர்.கே.யில் மேல்தோலை நீக்கிவிட்டு லேசர் பாய்ச்சுகிறார்கள். தோல் திரும்ப வளரும்வரை சில நாள் வலி இருக்கும். லாசிக்கில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, செதுக்கி, மூடுகிறார்கள். மறுநாளே பார்வை தெளியும். ஸ்மைலில் ஃபெம்டோசெகண்ட் லேசர் உள்ளேயே ஒரு வில்லையை வெட்ட, சில மில்லிமீட்டர் துளை வழியே அதை உருவிவிடுகிறார்கள்.

தேர்வைத் தீர்மானிப்பது கருவிழியின் கணக்கு. அதன் நடுத் தடிமன் சராசரியாக 540 மைக்ரான். 6 மி.மீ. வட்டத்தில் ஒரு டயாப்டர் பவரைக் குறைக்க ஏறத்தாழ 12 மைக்ரான் போகும். 480 மைக்ரான் கருவிழியில் மைனஸ் 8 பவரை லாசிக்கில் சரிசெய்தால், மடலுக்கு 110, லேசருக்கு 96 போக மிச்சம் 274. குறைந்தது 250 வேண்டும் என்பது பழைய வரம்பு. அதை ஒட்டி நின்றால் கருவிழி பின்னாளில் புடைக்கும் அபாயம் உண்டு. இத்தகைய கண்ணுக்கு லேசரே வேண்டாம், கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் அதுவும் நல்ல பதில்தான்.

ஸ்மைலில் மடல் இல்லை, வெட்டுப்படும் நரம்புகளும் குறைவு, கண் வறட்சியும் குறைவு; பிறகு ஏன் யோசிக்க வேண்டும் என்று கேட்கலாம். வறட்சி பற்றிய வாதம் நியாயமானதே. ஆனால் கருவிழியின் வளைவு திசைக்குத் திசை மாறுவதால் வரும் சிலிண்டர் பவரில் அளவோடு அச்சும் முக்கியம். நாம் படுத்ததும் கண் லேசாகச் சுழலும். அச்சு 10 டிகிரி பிசகினால் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். லாசிக்கிலும் பி.ஆர்.கே.யிலும் பயன்படும் எக்ஸைமர் கருவிகள் பல, கண்ணின் நிற வளையத்தின் (ஐரிஸ்) கோலத்தைப் பார்த்து இந்தச் சுழற்சியைத் தாமே ஈடுசெய்யும். முதல் தலைமுறை ஸ்மைல் கருவியில் அந்த வசதி இல்லாததால், உட்கார்ந்த நிலையில் கண்ணில் மையால் குறியிட வேண்டியிருந்தது. புதிய கருவிகள் இக்குறையைத் தீர்த்து வருகின்றன. ஆகவே சிலிண்டர் குறைவாகவும் கண் வறண்டும் இருப்பவருக்கு ஸ்மைல், சிலிண்டர் மிகுந்தவருக்கு லாசிக், கருவிழி மெலிந்து பவர் குறைவாக இருப்பவருக்கு பி.ஆர்.கே. என்பது நியாயமான தொடக்கம். மருத்துவரிடம் கேட்க வேண்டியது, 'என் கருவிழியில் எவ்வளவு மிஞ்சும், சிலிண்டர் அச்சை எப்படிச் சரிபார்ப்பீர்கள்?' என்பதையே.