வேன் கண்ணாடிக்குள்ள ஒரு வில்லன்

இன்னைக்கு எபிசோடில் ஏஐ கிடையாது, வேலை மாறுவது எப்படி என்ற புலம்பல் கிடையாது. குருவி, காக்கா, மைனா, மயில். இவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காக: ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஒரு பழைய டெம்போ ட்ராவலர் வாங்கினேன். பின்சீட்டை எல்லாம் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒரு மடக்கு மேஜை, ஒரு அடுப்பு. வீக் டேஸில் அது மதுரையில் எங்கள் தெரு முனையில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும். வீக்கெண்டில் அழகர்மலை அடிவாரம், கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி என்று எங்காவது ஒரு கண்மாய்க்கரையில் நிற்கும். இன்ஸ்டாவில் போட்ட போட்டோக்கள் எல்லாம் சூப்பர். போடாத போட்டோக்களில் வண்டி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பறவை எச்சம்.

முதலில் மயில் கதை. அழகர்மலைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தோப்பில் வண்டியை விட்டிருந்தேன். காலை ஆறு மணிக்கு டம் டம் என்று சத்தம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து பார்த்தால், ஒரு ஆண் மயில் பக்கவாட்டுக் கதவைக் கொத்துகிறது, காலால் உதைக்கிறது. நான் கையைத் தட்டினேன். போனது, திரும்பி வந்தது. தண்ணீர் ஊற்றினேன். போனது, கூரை மேலே ஏறி நின்றது. முருகனின் வாகனம் என் வாகனத்தின் மேல். பழமுதிர்ச்சோலை வேறு பக்கத்தில்தான் இருக்கிறது, கோபப்படவும் முடியவில்லை.

தோப்புக் காவலுக்கு இருந்த ஐயா வேப்பங்குச்சியை மென்றுகொண்டே வந்து பார்த்தார். "ஏந்தம்பி, அது உங்க வண்டியையா கொத்துது? தன்னையே கொத்திக்கிட்டு நிக்கிது. அங்குட்டு ரெண்டு சாக்கு கெடக்கு பாருங்க, எடுத்துத் தொங்க விடுங்க." தொங்கவிட்டேன். மயில் ரெண்டு தடவை சுற்றி வந்து பார்த்தது. எதிரியைக் காணோம். போய்விட்டது.

வண்டிக்கு நான் அடித்திருந்தது பளபளப்பான கருநீலப் பெயிண்ட். மயிலின் கண்ணில் அது ஒரு முழு நீளக் கண்ணாடி. தென்னிந்தியாவில் ஏப்ரல், மே மாதங்கள் மயில்கள் ஜோடி சேரும் உச்ச காலம். ஒவ்வொரு ஆண் மயிலும் ஒரு துண்டு நிலத்தை "இது என் ஏரியா" என்று பிடித்து வைத்திருக்கும். அந்த ஏரியாவுக்கு நடுவில் நான் கொண்டுபோய் இன்னொரு ஆண் மயிலை நிறுத்தியிருக்கிறேன். இதில் யார் யாருக்குத் தொல்லை?

வீட்டுப் பக்கம் சைடு மிரரில் வந்து முட்டும் குண்டுக்கரிச்சான், தேன்சிட்டு கதையும் இதேதான். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரிந்துகொள்ளும் பறவைகள் ரொம்பக் குறைவு. 2008இல் ஜெர்மனியில் மேக்பை என்ற காக்கா இனப் பறவையை வைத்துச் செய்த சோதனையில் அதற்குப் புரிந்தது. அதனால்தான் அது அவ்வளவு பெரிய செய்தியானது. மற்றதெல்லாம் அலகு வலிக்க வலிக்க, இரை தேடுகிற நேரத்தை விட்டுவிட்டு, இல்லாத எதிரியோடு நாள் பூராவும் மல்லுக்கட்டும். தீர்வுக்கு ஒரு பைசா செலவில்லை. மிரரை உள்பக்கம் மடக்குங்கள், அல்லது பழைய சாக்ஸை மாட்டுங்கள். ஜன்னல் என்றால் பேப்பரையோ துணியையோ வெளிப்பக்கம் மூடணும். உள்ளே திரை போட்டால் பிம்பம் இன்னும் பளிச்சென்று தெரியும். நான் முதலில் அதைத்தான் செய்தேன், அடி அதிகமானது.

சரி, இப்போது நான் சொல்லத் தயங்கிய பகுதி.

மயில் கதை நடப்பதற்கு முந்தைய வருஷம். மரத்தடியில் மைனா, காக்கா எச்சம் தாங்கவில்லை. நமக்குத் தெரிந்த முறை ஒன்றுதானே, ஆன்லைனில் தேடினேன். அல்ட்ராசோனிக் கருவி ஒன்று வாங்கினேன். 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் போடுமாம், பறவை ஓடுமாம். இன்ஜினியரிங் படித்தவன் வாங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கணும். பெரும்பாலான பறவைகளுக்கு 10,000 ஹெர்ட்ஸைத் தாண்டினாலே சரியாகக் கேட்காது, அந்த விஷயத்தில் மனுஷக் காதே மேல். ஒரு மைனா அந்தக் கருவி மேலேயே உட்கார்ந்து எச்சம் போட்டது. அடுத்து பிளாஸ்டிக் ஆந்தை. நாலு நாள் பயந்தன. அசையாத, யாரையும் பிடிக்காத ஆந்தை எத்தனை நாளைக்குப் பயம் காட்டும்?

பட்டாசு வெடிக்கச் சொன்னார் ஒரு அண்ணன். நல்லவேளை, அதைச் செய்யவில்லை. இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில், சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி என்று கிராமங்கள் இருக்கின்றன. கண்மாயில் வந்து கூடு கட்டும் கொக்கு, நாரைகளுக்காக அங்கே தீபாவளிக்கே வெடி வெடிக்க மாட்டார்கள். 1977இல் அது சரணாலயமானது.

கடைசியில் வலை. மெல்லிய நைலான் வலையை வாங்கி வண்டியின் கேரியர் மேல் தொளதொளவென்று விரித்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தால் தெருவே கேட்கும் கீச்சுச் சத்தம். ஒரு தவிட்டுக்குருவியின் கால் வலையில் முறுக்கிக்கொண்டிருந்தது. அது கூட்டமாகத் திரியும் பறவை, மீதி ஆறேழும் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரமாகவோ. நகவெட்டியால் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். கால் வீங்கி, தோல் உரிந்து, எலும்பு தெரிந்தது. விட்டதும் பறந்தது, அந்தக் கால் தொங்கியபடியே. அதற்கு அப்புறம் அந்தக் கூட்டம் வரும்போதெல்லாம் ஒற்றைக் காலோடு ஒன்று இருக்கிறதா என்று தேடுவேன். பார்த்ததில்லை.

வண்டிக்கு வாட்டர் வாஷ் பண்ண எவ்வளவு ஆகும்? அந்தக் காசுக்காக நான் செய்தது இது.

அன்றைக்கு ராத்திரி லாப்டாப்பை மூடிவிட்டு யோசித்தேன். ஆபீஸில் ஒரு பக் வந்தால், எரர் மெசேஜை மட்டும் மறைத்துவிட்டுப் போகும் ஜூனியரை நான் திட்டுவேன். இங்கே நான் அதைத்தான் செய்திருக்கிறேன். பறவை ஏன் இங்கே வருகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டுப் பார்த்தால் நாலே காரணம்தான்: எதிரி தெரிகிறது, சாப்பாடு கிடைக்கிறது, ராத்திரி தங்க மரம் இருக்கிறது, கூடு கட்டப் பொந்து இருக்கிறது. எதிரியைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

மரத்துக்கு வருவோம். மைனாவும் காக்காவும் சாயங்காலம் ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கில் அடையும். அவற்றை விரட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கு மேல் போகும், ரெண்டு நாளில் திரும்பி வரும். நான் செய்தது, வண்டியைக் கிளை விரிப்புக்கு வெளியே பத்தடி தள்ளி நிறுத்தியது. அவ்வளவுதான். மதிய வெயில் கூடுதலாக அடிக்கிறது, அதற்கு ஒரு துணிக் கவர். கண்மாய்க்கரையில் நிறுத்தும்போது அண்ணாந்து பார்ப்பதைவிடக் கீழே பார்ப்பது நல்லது. தரை வெள்ளையாக இருந்தால் மேலே யாரோ குடியிருக்கிறார்கள், தள்ளிப் போய்விடுங்கள்.

எச்சம் விழுந்துவிட்டதா? காய்ந்ததைச் சுரண்டாதீர்கள். அந்த வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். மதுரை வெயிலில் பெயிண்டின் மேல்பூச்சு இளகி, ராத்திரி இறுகும்போது அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவைத்துத் துடைத்தால் வந்துவிடும். வண்டிக்குள் காய்ந்து கிடந்தால் பெருக்கவே கூடாது. அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை, பாக்டீரியா இருக்கலாம். மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்து, பிறகு அள்ளுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் காக்காவைக் குறை சொல்வது எனக்குக் கொஞ்சம் காமெடியாக இருக்கும். அமாவாசைக்கு மொட்டைமாடியில் சோறு வைத்து "கா கா" என்று கூப்பிடுவோம், அதே காக்கா மறுநாள் நம் பரோட்டாப் பொட்டலத்தைத் தூக்கினால் கல்லெடுப்போம். கல்லெடுத்தவரை அது மறக்காது என்பது இன்னொரு விஷயம். அமெரிக்காவில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆராய்ச்சியாளர் 2006இல் ஒரு முகமூடி போட்டுக்கொண்டு காக்காக்களைப் பிடித்து விட்டார். பல வருஷம் கழித்தும் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்காக்கள் கூடிக் கத்தின. எனவே சண்டை வேண்டாம். பாத்திரத்தை வெளியே போட்டு வைக்காதீர்கள், குப்பைக்கு மூடி போடுங்கள், மிச்சச் சோற்றை வண்டிப் பக்கத்தில் கொட்டாதீர்கள்.

நாலாவது, கூடு. இதில்தான் நான் மாட்டினேன்.

ஜனவரியில், எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க வண்டியின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டேன். ஃபேன் வாங்கத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஏப்ரலில், சித்திரைத் திருவிழா முடிந்ததும் நண்பர்களோடு நாலு நாள் தனுஷ்கோடி பிளான். எல்லோரும் லீவு போட்டாயிற்று. கிளம்புவதற்கு மூணு நாள் முன்னாடி உள்ளே சுத்தம் செய்யப் போனால், ஓட்டைக்கும் உள் பலகைக்கும் நடுவில் வைக்கோல், கேரி பேக் துண்டு, சாம்பார் பார்சல் கட்டிய ரப்பர் பேண்டு, கூடவே நாலு நீல முட்டை. மைனா.

கூட்டை எடுத்து மரத்தில் வைத்துவிடலாம் என்றான் ஒருவன். மைனா பொந்துக்குள் கூடு கட்டும் பறவை. கிளையில் கொண்டுபோய் வைத்தால் வந்து அடைகாக்கும் என்று நம்ப முடியாது, காக்காதான் முதலில் வரும். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அதில் "வேட்டை" என்பதற்கான விளக்கத்திலேயே காட்டுப்பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும் அடக்கம். ஒரு ஓட்டைக்கு நடுவில் கைவிடுவது வேட்டையா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் அந்த வலைக்கு முன்னாடி சிரித்திருப்பேன்.

மைனா அடைகாப்பது 17, 18 நாள். குஞ்சு பறக்க இன்னும் மூணு வாரத்துக்கு மேல். மொத்தம் சுமார் 40 நாள் வண்டி அசையக் கூடாது. குரூப்பில் போட்டேன். வந்த பதில்களில் படிக்கக்கூடியது இது மட்டும்தான்: "மாப்ள, மைனாவுக்காக எங்கள பஸ்ல கூட்டிட்டுப் போறியாடா?"

அப்போது ஒரு ஊர்க்கதையை அவர்களுக்கு அனுப்பினேன். 2020, லாக்டவுன் நேரம். சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி. தெருவிளக்குகளுக்கான சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னக் குருவி கூடு கட்டி முட்டை வைத்துவிட்டது. சுவிட்சைத் தொட்டால் குருவி பயந்து போய்விடும். ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் பேசி முடிவெடுத்து, குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கே போடாமல் இருந்தார்கள். அதே 2020 ஆகஸ்டில் துபாய் பட்டத்து இளவரசர் ஷேக் ஹம்தானின் பென்ஸ் காரில் ஒரு புறா முட்டை வைத்தது, அவர் அந்தக் காரை எடுக்காமல் விட்டார். உலகம் முழுக்கச் செய்தி. இளவரசரிடம் வேறு கார் இருந்திருக்கும். பொத்தகுடிக்காரர்களிடம் வேறு தெருவிளக்கு கிடையாது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2018 ஆகஸ்டில் மதுரைக்குப் பக்கத்தில் 43 மயில்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன, விஷம் வைத்ததாக வழக்கு. மயில் 1963இலிருந்து தேசியப் பறவை, சட்டத்தில் முதல் அட்டவணை. ஆனால் நிலக்கடலையும் நெல்லும் போட்டு, மயில் மேய்ந்து நஷ்டப்படும் விவசாயிக்கு அது என் பெயிண்ட் கீறல் மாதிரி இல்லை. அவர் கணக்கு வேறு. அவரிடம் போய் சாக்ஸ் மாட்டச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. நான் பேசுவது நம்மைப் பற்றி மட்டும்தான். லீவுக்குப் போகும் வண்டி வைத்திருக்கும் நம்மைப் பற்றி.

தனுஷ்கோடிக்கு பஸ்ஸில்தான் போனோம். ராமேஸ்வரம்வரை என்னைக் கலாய்த்தார்கள்.

திரும்பி வந்து தினமும் தூரத்திலிருந்து பார்த்தேன். குஞ்சு பொரித்ததும் சத்தம் வர ஆரம்பித்தது. அப்பா மைனாவும் அம்மா மைனாவும் மாறி மாறிப் புழுவைக் கொண்டுவந்தன. மூணு குஞ்சு, ஒரு முட்டை பொரிக்கவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது, பிறகு சார்ஜ் போட்டேன். ஜூன் முதல் வாரம் ஒருநாள் காலை சத்தமே இல்லை. உடனே மூடவில்லை, ரெண்டு நாள் பொறுத்து, டார்ச் அடித்து, உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். அதற்கு மேல் தள்ளிப்போடவும் கூடாது, மைனா அதே பொந்தில் அடுத்த ஈடு முட்டை வைக்கும்.

கூட்டை எடுத்தேன், தண்ணீர் தெளித்துத் துடைத்தேன், அரை இஞ்ச் கம்பி வலையை வெட்டி நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கமாக அடித்தேன். பதினைந்து நிமிஷ வேலை. ஜனவரியிலேயே செய்திருக்கலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் இன்னும் வாங்கவில்லை.