பழைய கம்ப்யூட்டருக்கு இலேசான லினக்ஸ்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இயந்திரங்களை அது ஏற்பதில்லை. டவுன்ஷிப் பிளாக் கடைகளிலும் மந்தாரக்குப்பம், இந்திரா நகர் மளிகைகளிலும் கல்லாப் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் அந்தப் பழைய ரகம்தான். "புதுசு வாங்குங்கள்" என்று கம்ப்யூட்டர் விற்பவர் சொல்வார், அது அவர் வியாபாரம். ஒரு புதுக் கம்ப்யூட்டருக்கு எத்தனை மூட்டை சர்க்கரை விற்க வேண்டும் என்பது நமக்கல்லவா தெரியும்?

அதற்காக அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. அதே இயந்திரத்தில்தான் ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. திருத்தம் வராத கம்ப்யூட்டர் என்பது பூட்டுத் தேய்ந்த குடோன் மாதிரி.

இதற்கு ஒரு வழி லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கியது. காசு கிடையாது, லைசென்ஸ் சோதனை என்று யாரும் வந்து நிற்கவும் முடியாது. நமக்கு இது புதிதும் அல்ல. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் அதில் இருந்தது. அது சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அந்த மடிக்கணினி இன்றும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது.

லினக்ஸில் பல ரகம் உண்டு. நான் சொல்வது டெபியன். இதன் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9-ல் வெளிவந்தது. நீண்டகால ஆதரவையும் சேர்த்து 2030 வரை திருத்தங்கள் வரும். 32 பிட் இயந்திரமாக இருந்தால் மட்டும் 13 ஏறாது. சுமார் 2008-க்குப் பின் வந்த மேசைக் கம்ப்யூட்டர்களில் அநேகமாக இந்தத் தொல்லை இல்லை.

இலேசாக்குவது என்றால் என்ன? நம் குடோன் கணக்குதான். ஓடாத சரக்கை அடுக்கிவைத்தால் ஓடும் சரக்கு எடுக்க வழி இருக்காது. கம்ப்யூட்டரில் குடோன் என்பது ராம். திரையின் அலங்காரமும் பின்னணியில் தானே ஓடும் சில்லறை வேலைகளும் அதில் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. டெபியனை நிறுவும்போது எந்தத் திரைச்சூழல் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் க்னோம் என்பதில் ஏற்கெனவே டிக் இருக்கும். அது கனமானது. அந்த டிக்கை எடுத்துவிட்டு எல்எக்ஸ்க்யூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ என்பதில் டிக் வையுங்கள். இந்த ஓர் இடத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இப்படிச் செய்தால் 4 ஜிபி ராம் உள்ள இயந்திரம் கடை வேலைக்குத் தாராளம். 2 ஜிபியிலும் ஓடும், ஆனால் பிரவுசரில் நாலைந்து பக்கம் ஒன்றாகத் திறந்தால் திணறும். அது லினக்ஸின் குற்றமல்ல, இன்றைய இணையப் பக்கங்கள் அவ்வளவு கனம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். செலவு செய்வதென்றால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

நிறுவும் முன் ஒத்திகை பார்க்கலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம். டெபியனின் 'லைவ்' பதிப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவில் எழுதி, கம்ப்யூட்டரை அந்தப் பென் டிரைவிலிருந்து கிளப்ப வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் ஓடும். அப்போதே வைஃபை, பிரிண்டர், ஜிஎஸ்டி தளம், வங்கித் தளம் எல்லாம் சோதித்துவிடுங்கள். பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் கீபோர்டு போலவே நடந்துகொள்வதால் தகராறு செய்யாது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களும் பொதுவாகச் சரி. சில லேசர் பிரிண்டர்களும் லேபிள் அடிக்கும் தராசுகளும்தான் மக்கர் செய்யும். அச்சு வராத பிரிண்டரை வைத்துக்கொண்டு லினக்ஸ் நிறுவுவதில் அர்த்தமில்லை.

டாலி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஒயின் என்ற மென்பொருள் மூலம் லினக்ஸில் ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. கணக்குப் புத்தகத்தை அப்படிச் சோதனைக்கு விடுவதை நான் ஏற்கமாட்டேன். டாலி உள்ள ஒரே ஒரு இயந்திரத்தை விண்டோஸிலேயே, முடிந்தால் புதிதாக, வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை மாற்றுங்கள். பிரவுசரில் பில் போடும் முறை இருந்தால் கவலையே இல்லை. விலைப்பட்டியல், பாக்கிக் கணக்கு, கொள்முதல் சிட்டைக்கு லிப்ரே ஆஃபீஸ் போதும். இ-வே பில்லும் பிரவுசரிலேயே போடலாம். ரிட்டர்ன் கையொப்பத்துக்குத் தனிநபர் உரிமையாளருக்கு ஓடிபி போதுமானது. கம்பெனி, எல்எல்பி வைத்திருப்பவர்களுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் கட்டாயம், அவர்கள் ஆடிட்டரைக் கேட்காமல் மாற வேண்டாம்.

நிறுவும்போது 'முழு டிஸ்க்கையும் பயன்படுத்து' என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்றால் உள்ளே இருந்த அத்தனையும் போய்விடும். அதற்கு முன் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து, நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்துவிடுங்கள். நகல் எடுத்தோம் என்ற எண்ணம் வேறு, நகல் திறக்கிறது என்பது வேறு.

நிர்வாகிக் கடவுச்சொல் முதலாளியிடம் மட்டும் இருக்கட்டும். கடைப் பையனுக்கு அதிகாரமில்லாத தனிக் கணக்கு ஒன்று திறந்து கொடுங்கள். அவன் எதைத் தட்டினாலும் மென்பொருளை நிறுவவோ நீக்கவோ முடியாது. தமிழ் எழுத்துருக்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் கையோடு சேர்த்துவிட்டால் பற்றுச்சீட்டைத் தமிழிலேயே தட்டலாம்.

சந்தேகம் வந்தால் 'கணியம்' மின்னிதழில் இவ்விஷயங்கள் தமிழிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனாளர் குழுவும் உண்டு. கல்லாக் கம்ப்யூட்டரில் முதலில் கை வைக்காமல், பரண்மேல் உள்ள அந்த அரசு மடிக்கணினியை இறக்கித் தொடங்குங்கள். முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ராம்தான் இருக்கும், எல்எக்ஸ்க்யூடி போடவும்.