நோயாளியின் அறைக்கு எந்தச் சாம்பற்பச்சை?

சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரின் அறைக்குப் புதிதாக வண்ணம் பூச விரும்பும் குடும்பத்தினர், கண்ணை உறுத்தாத சாம்பல் கலந்த பச்சையை நாடுவதுண்டு. அமெரிக்க வண்ணப்பூச்சு நிறுவனங்கள் இரண்டு, 2022ஆம் ஆண்டின் நிறமாக அறிவித்தவையும் இத்தகையனவே: பெஞ்சமின் மூரின் ‘அக்டோபர் மிஸ்ட்’, ஷெர்வின் வில்லியம்ஸின் ‘எவர்கிரீன் ஃபாக்’.

பெயரளவில் இரண்டும் ஒரே குடும்பத்து நிறங்கள். ஆயினும் சுவரில் பூசியபின் வேறுபாடு புலப்படும். முழுக் கறுப்புக்கு 0, முழு வெண்மைக்கு 100 எனக் கொள்ளும் ஒளி எதிரொளிப்பு அளவில், முன்னதன் மதிப்பு ஏறத்தாழ 46; பின்னதன் மதிப்பு 30. கடைகளில் இதனை எல்.ஆர்.வி. என்பர். எந்த நிறுவனத்தின் வண்ணமாயினும் இம்மதிப்பைக் கேட்டறியலாம்.

முதுமையில் கண்வில்லை மஞ்சளிக்கும், கண்பாவை சுருங்கும். ஆகவே முதியோருக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை. சிறிய சாளரம் ஒன்றே உள்ள அறைக்கு வெளிர்நிறமே ஏற்றது. வெளிச்சம் நிறைந்த அறையாயின் அடர்நிறத்திலும் ஒரு நன்மை உண்டு: வெண்ணிறக் கதவுநிலை, மின்விசை, கைப்பிடிக் கம்பி ஆகியவை அதன்மீது தெளிவாகத் தெரியும். இரவில் எழுந்து நடப்பவருக்கு இது பெருந்துணை.

மஞ்சள் விளக்கொளியில் சாம்பற்பச்சை பழுப்புச் சாயல் கொள்ளும். குளிர்வெண் ஒளியில் சாம்பல் மிகும். எனவே இரு நிறங்களையும் பெரிய அட்டையில் பூசி, சுவரில் சாய்த்து, காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் கட்டிலிலிருந்தே பாருங்கள்.

பராமரிப்போர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். சுவரின் நிறம் தோலின் மீதும் சிறிது படியும். மஞ்சள் விளக்கில் காமாலையின் தொடக்கம் கண்ணுக்குத் தப்பலாம். நோயாளியின் கண்வெண்மை, உதடு, நகம் ஆகியவற்றைச் சாளரத்தருகே பகலொளியில் பாருங்கள். கண் மஞ்சளித்தாலோ வழக்கத்திற்கு மாறாக வெளிறினாலோ தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவியுங்கள். உதடு நீலம் பாரித்து மூச்சுத் திணறினால் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

நோயாளி வீடு திரும்புமுன்பே பூச்சு வேலையை முடித்து, மணம் அகலும்வரை சாளரங்களைத் திறந்து வையுங்கள். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும்; அதனைச் சுரண்டும்போது எழும் தூசி தீங்கானது. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், நோயாளிகள் ஆகியோர் அப்போது அங்கே இருத்தலாகாது.