வகுப்பு மூடிய வளாகத்தில் ஆட்டம் மட்டும் எப்படி?

2020 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் சாப்பல் ஹில் நகரில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் மாணவர்களை வளாகத்துக்கு வரவழைத்து வகுப்புகளைத் தொடங்கியது. விடுதிகளில் கொரோனா கொத்துக் கொத்தாகப் பரவியது. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 17 அன்று, இளநிலை வகுப்புகள் அனைத்தும் இணையவழிக்கு மாறுகின்றன என்ற அறிவிப்பு வந்தது. மாணவர்கள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பத் தொடங்கினார்கள். கால்பந்து அணி வளாகத்திலேயே இருந்தது. சில நாள் இடைவெளிக்குப் பிறகு பயிற்சி தொடர்ந்தது. செப்டம்பர் 12 அன்று அதே ஊரில் சிரக்யூஸ் அணியுடன் முதல் ஆட்டமும் நடந்தது. பெருந்தொற்று பரவும்போது கல்லூரிக் கால்பந்தை மீண்டும் தொடங்கலாமா என்று அந்த ஆண்டு அமெரிக்கா முழுக்க வாதம் நடந்தது. மருத்துவம், பொருளாதாரம், அரசியல் எல்லாம் அதில் பேசப்பட்டன. ஆனால் வாதத்தின் மையம் வட கரோலினாவில் நடந்ததில்தான் இருக்கிறது. மற்ற மாணவர்கள் உட்கார்ந்து படிக்கவே பாதுகாப்பில்லாத வளாகத்தில், சம்பளமும் பேரம் பேசும் உரிமையும் இல்லாத மாணவர்களை ஆட வைப்பது தவறு. அந்த ஆண்டு ஆட்டம் நடந்திருக்கக் கூடாது என்பதே என் வாதம்.

இது நீள்வட்டப் பந்தும் தலைக்கவசமும் தோள்காப்பும் கொண்ட அமெரிக்கக் கால்பந்து. ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் இரு அணிகளின் முன்வரிசையும் ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் படும் நெருக்கத்தில் குனிந்து நின்று மோதுகின்றன. விழுந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்து எழுகிறார்கள். ஓர் ஆட்டத்தில் இது நூறு தடவைக்கு மேல் நடக்கும். பெரிய பல்கலைக்கழக அணியில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் 1,07,601 இருக்கைகள். தொலைக்காட்சி உரிமையும் நுழைவுச்சீட்டும் கோடிக்கணக்கான டாலர்களைக் கொண்டுவருகின்றன. பயிற்றுநர்கள் ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் வாங்குகிறார்கள். ஆடும் மாணவருக்கு 2020இல் கிடைத்தது கல்வி உதவித்தொகையும் அதைச் சார்ந்த செலவுத்தொகையும்தான். கல்லூரி விளையாட்டுகளை மேற்பார்க்கும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு உண்டு. ஆனால் இந்த ஆட்டத்தின் முதல்தரப் பிரிவுக்கு அது சாம்பியன் போட்டி நடத்துவதில்லை. ஆடுவதா நிறுத்துவதா என்று முடிவெடுத்தவை, பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்திருக்கும் கூட்டமைப்புகள்.

அதனால் ஒரே நாட்டில், ஒரே நோய்க்கு, ஆளுக்கொரு விடை வந்தது. ஹார்வர்டு, யேல் அடங்கிய ஐவி லீக் ஜூலை 8 அன்றே இலையுதிர்கால ஆட்டங்களைக் கைவிட்டது. ஆகஸ்ட் 11 அன்று பிக் டென், பேக்-12 ஆகிய இரு பெரிய கூட்டமைப்புகள் ஆட்டத்தை ஒத்திவைத்தன. தென் மாநிலங்களின் எஸ்.இ.சி.யும், ஏ.சி.சி., பிக் 12 ஆகிய கூட்டமைப்புகளும் ஆடியே தீருவது என்றன. அதன் பிறகு பிக் டென் மேல் அழுத்தம் கூடியது. பெற்றோர் கூடிக் குரல் கொடுத்தார்கள். வீரர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். தேர்தல் நெருங்கிய நேரத்தில் அதிபர் டிரம்ப் செப்டம்பர் 1 அன்று அதன் ஆணையர் கெவின் வாரனிடம் தொலைபேசியில் பேசினார். செப்டம்பர் 16 அன்று பிக் டென் முடிவை மாற்றிக்கொண்டது. இங்கே ஓர் எண்ணைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்டில் அது ஆட்டத்தை நிறுத்தியபோது அமெரிக்காவில் நாளொன்றுக்குச் சுமார் 50 ஆயிரம் பேருக்குத் தொற்று உறுதியாகிக்கொண்டிருந்தது. அக்டோபர் கடைசி வாரத்தில் அதன் ஆட்டங்கள் தொடங்கியபோது அது 80 ஆயிரத்தைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்தில் இருந்தது. நோய் தணிந்ததால் ஆட்டம் திரும்பவில்லை.

திரும்பியதற்குக் கூட்டமைப்பு சொன்ன காரணம் பரிசோதனை. கோடையில் பரிசோதனை முடிவு வரப் பல நாள் ஆனது. செப்டம்பரில் சில நிமிடங்களில் விடை சொல்லும் ஆன்டிஜென் சோதனை கைக்கு வந்தது. வீரர்களுக்கு நாள்தோறும் சோதனை, தொற்றியவருக்கு இதய எம்.ஆர்.ஐ., 21 நாளுக்கு முன் களமிறங்கத் தடை என்று பிக் டென் விதி வகுத்தது. இதயத்தைப் பற்றிய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர்கள் கொரோனாவிலிருந்து மீண்ட 26 விளையாட்டு வீரர்களை ஆராய்ந்தபோது, நான்கு பேரின் எம்.ஆர்.ஐ. படங்களில் இதயத்தசை அழற்சிக்கான அறிகுறிகள் தெரிந்தன. பின்னர் 2021இல் பிக் டென் பல்கலைக்கழகங்களின் 1,597 வீரர்களை வைத்து வெளியான ஆய்வில் அந்த விகிதம் 2.3 சதவீதமாகக் குறைந்தது. ஆட்டத்தை ஆதரித்தவர்கள் இதைக் காட்டி, பயந்தது வீண் என்கிறார்கள். ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்த எண் கிடைத்தது ஆட்டம் முடிந்த பிறகு. அந்த 1,597 பேரும் களமிறங்கிய காலத்தில் அவர்களுக்கோ அவர்களை இறக்கியவர்களுக்கோ இது தெரியாது. தெரியாத ஆபத்தை யார் தலையில் சுமத்துவது என்பதுதான் அன்றைய கேள்வி. அதற்குப் பின்னால் வந்த நல்ல செய்தி விடையாகாது.

நாள்தோறும் சோதித்தும் தொற்று நின்றுவிடவில்லை. விஸ்கான்சின் அணி அக்டோபர் 23 அன்று முதல் ஆட்டத்தை ஆடியது. அடுத்த சில நாட்களில் வீரர்களும் பயிற்றுநர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று தெரியவர, அடுத்த இரண்டு ஆட்டங்கள் ரத்தாயின. தெற்கே லூசியானா மாநிலப் பல்கலைக்கழக (எல்.எஸ்.யூ.) அணியில் வீரர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றிவிட்டது என்று அதன் தலைமைப் பயிற்றுநரே செப்டம்பரில் சொன்னார். பருவம் முடிவதற்குள் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ரத்தாயின அல்லது தள்ளிப்போயின. தொழில்முறைக் கால்பந்தான என்.எஃப்.எல்.லில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தோடு சேர்ந்து நடந்த ஆய்வு, ஒன்றாகச் சாப்பிடுவது, ஒரே வண்டியில் போவது, முகக்கவசமின்றி மூடிய அறையில் பேசுவது ஆகியவற்றைப் பரவலுக்கான வழிகளாகக் காட்டியது. களத்தைச் சுற்றியுள்ள வாழ்க்கையில்தான் நோய் பரவியது. கல்லூரிக் கால்பந்துக்கோ அந்தச் சுற்றுப்புறம் ஒரு முழு ஊர். நவம்பர் 7 அன்று நோட்டர் டேம் அணி கிளெம்சனை வென்ற இரவில், அரங்கிலிருந்த சுமார் 11 ஆயிரம் பேரில் மாணவர்கள் திரளாகக் களத்துக்குள் இறங்கித் தோளோடு தோள் உரசிக் கொண்டாடினார்கள். 2021 ஜனவரி 11 அன்று அலபாமா சாம்பியனானபோது டஸ்கலூசா நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். என்.பி.ஏ. கூடைப்பந்து ஆர்லாண்டோவில் ஒரே இடத்தில் அணிகளை அடைத்துவைத்துப் பருவத்தை முடித்தது. கல்லூரி அணியை அப்படி ஊரிலிருந்து பிரித்துவைக்க முடியாது.

வீரர்களே ஆட விரும்பினார்களே என்பதுதான் எதிர்வாதங்களில் மிக வலுவானது. உண்மைதான். கிளெம்சனின் டிரெவர் லாரன்ஸ், ஓஹியோ மாநில அணியின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் போன்ற நட்சத்திரங்கள் ஆகஸ்ட் 10 அன்று ஆட விரும்புகிறோம் என்று கூட்டாக அறிக்கை விட்டார்கள். ஆனால் அதே அறிக்கையில் எல்லாக் கூட்டமைப்புக்கும் ஒரே பாதுகாப்பு விதி, விலகுவோருக்குப் பாதுகாப்பு, கடைசியாக வீரர்களுக்கென ஒரு சங்கம் ஆகிய கோரிக்கைகளும் இருந்தன. எட்டு நாளுக்கு முன் பேக்-12 வீரர்கள் வெளியிட்ட அறிக்கை, பாதுகாப்பு இல்லையென்றால் ஆடமாட்டோம் என்றே சொன்னது. ஆடும் ஆசையை அதிகாரத்தில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், சங்கத்தை விட்டுவிட்டார்கள். விலகும் மாணவரின் உதவித்தொகையைப் பறிக்கக் கூடாது, பொறுப்புத் துறப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று என்.சி.ஏ.ஏ. ஆகஸ்ட் 5 அன்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அடுத்த ஆண்டு முதல் பதினொருவரில் யார் இருப்பார் என்று தீர்மானிக்கும் பயிற்றுநரிடம் போய், பயமாக இருக்கிறது, வரவில்லை என்று 19 வயதுப் பையன் சொல்வது எளிதல்ல. அதே கோடையில் என்.எஃப்.எல். வீரர் சங்கம் முதலாளிகளோடு உட்கார்ந்து விதிகளைப் பேசி முடித்தது. விலகும் வீரருக்கு 1,50,000 டாலர் முன்பணம், நோய் ஆபத்து அதிகமுள்ளவர் விலகினால் 3,50,000 டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. அறுபதுக்கும் மேற்பட்டோர் விலகினார்கள். அவர்களின் சம்மதத்தைச் சம்மதம் என்று ஏற்கலாம்.

பேசி முடித்த விதிக்கும் ஒருதலையாக எழுதிய விதிக்கும் உள்ள வேறுபாடு டிசம்பரில் வெளிப்பட்டது. கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெறக் குறைந்தது ஆறு ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்று பிக் டென் விதி வைத்திருந்தது. ரத்துகளால் ஓஹியோ மாநில அணி ஐந்துதான் ஆடியிருந்தது. கூட்டமைப்பில் நாட்டின் சாம்பியன் பட்டத்துக்குப் போகும் வாய்ப்பு அந்த அணிக்குத்தான் இருந்தது. டிசம்பர் 9 அன்று விதி நீக்கப்பட்டது. சில நாளில் 21 நாள் தடையும் 17 நாளாகக் குறைந்தது. மருத்துவக் காரணம் சொல்லப்பட்டது, இருக்கலாம். ஆனால் அந்த நாட்கள் யாருடைய இதயத்தைக் காக்க வைக்கப்பட்டனவோ அவர்களின் ஒப்புதல் அந்த மாற்றத்துக்குத் தேவைப்படவில்லை.

பணத்தைப் பற்றிய வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. கால்பந்து வருமானத்தில்தான் பல பல்கலைக்கழகங்களில் நீச்சலும் மல்யுத்தமும் மகளிர் அணிகளும் நடக்கின்றன. அது நின்றால் அவையும் நிற்கும் என்றார்கள். ஆனால் ஆட்டம் ஒத்திவைக்கப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 8 அன்று, பெரும் அறக்கட்டளை நிதியுள்ள ஸ்டான்ஃபோர்டு 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் 2021 மே மாதம் அந்த முடிவைக் கைவிட்டது. எந்த விளையாட்டு பிழைக்கும் என்பதை நிர்வாகத்தின் விருப்பமும் தீர்மானிக்கிறது என்பதற்கு இது சான்று. கறுப்பின மாணவர்கள் ஏறத்தாழ பாதியாக இருக்கும் கால்பந்து அணி, கொரோனா கறுப்பின மக்களைக் கூடுதலாகக் கொன்ற ஒரு நாட்டில், மற்றவர்களின் விளையாட்டுச் செலவைத் தன் உடலால் ஈடுகட்ட வேண்டும் என்று கேட்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உரிமை இல்லை.

வீட்டுக்கு அனுப்பினால் சோதனையும் மருத்துவரும் இல்லாமல் போய்விடும், அணியோடு இருப்பதே பாதுகாப்பு என்று பயிற்றுநர்கள் பலர் வாதிட்டார்கள். அப்படியானால் அந்தச் சோதனையையும் மருத்துவரையும் ஆட்டத்தோடு முடிச்சுப் போடாமல் கொடுத்திருக்கலாம். உதவித்தொகை பெறும் மாணவருக்குப் பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய கடமைதான் அது. என்.சி.ஏ.ஏ. தலைவர் மார்க் எம்மர்ட் 2020 மே மாதம் இதற்கான அளவுகோலை எளிமையாக வைத்தார்: வளாகம் மாணவர்களுக்குத் திறக்காவிட்டால் விளையாட்டும் கிடையாது. மூன்று மாதத்தில் அந்த அளவுகோலைப் பலர் விட்டுவிட்டார்கள். வகுப்பு மூடியபின் அணியை மட்டும் வைத்துக்கொண்ட பல்கலைக்கழகம், அந்த இளைஞர்கள் தனக்கு வேலையாட்கள் என்று செயலால் ஒப்புக்கொண்டது. வேலையாளுக்குரிய ஊதியத்தையும் பேரம் பேசும் உரிமையையும் தரத் தயாராக இல்லாதபோது, அவர்களை மற்ற மாணவர்களைப் போலவே நடத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

அதன் பிறகு பணத்தின் பக்கம் நிறைய மாறிவிட்டது. 2021 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பில் என்.சி.ஏ.ஏ.வின் கல்விசார் சலுகைக் கட்டுப்பாடுகளைத் தகர்த்தது. பத்து நாளில், தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து வீரர்கள் சம்பாதிக்க வழி திறந்தது. 2025 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களோடு வருமானத்தைப் பகிரலாம்; ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஆனால் கல்லூரி வீரர்கள் பணியாளர்கள் என்று இன்னும் ஏற்கப்படவில்லை. 2024இல் சங்கம் வைக்க வாக்களித்த டார்ட்மவுத் கல்லூரிக் கூடைப்பந்து அணியும் அந்த ஆண்டு முடிவதற்குள் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்னொரு பெருந்தொற்று வந்தால், எத்தனை நாள் தனிமை, யார் விலகலாம், எப்போது களமிறங்க வேண்டும் என்பதைக் கல்லூரி வீரர்களோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று கூட்டமைப்புகளைக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இன்றும் இல்லை.