கற்பனையின் கணக்கு – 9: நூல் நூற்றது யார்?

அறிவியல் புனைவு என்றதும் தமிழ் வாசகர் பலருக்கு முதலில் நினைவு வருவது சுஜாதாவின் ஜீனோ. விண்கலமோ கணினியோ ரோபோவோ இல்லாத கதையை அந்த வகையில் சேர்க்க நமக்குத் தயக்கம். குதிரையும் வாளும் வந்தால் சரித்திரக் கதை என்கிறோம். அதில் ஓர் அதிசயமும் நடந்துவிட்டால் மாயாஜாலம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எந்திரம் இல்லாத உலகத்தைக் கற்பனை செய்வது சுலபம், அதற்குப் படிப்பு வேண்டியதில்லை என்ற நினைப்பும் கூடவே வருகிறது. உண்மை நேர்மாறானது என்பதுதான் இந்த வார வாதம். விண்கலம் ஓடும் கதையில் ஒருவனைக் கிரகம் விட்டுக் கிரகம் அனுப்ப ஒரு வாக்கியம் போதும். எரிபொருளுக்கு யார் செலவழித்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. மாட்டு வண்டி ஓடும் கதைக்கு அந்தச் சலுகை கிடையாது. மாடு தின்ன வேண்டும், வண்டிக்காரன் தின்ன வேண்டும், இருவரும் தின்பது பெரும்பாலும் வண்டியில் இருக்கும் மூட்டையிலிருந்துதான்.

ரோமப் பேரரசின் பிற்காலத்தை ஆராய்ந்த ஏ.எச்.எம். ஜோன்ஸ், பேரரசர் டயோக்ளீஷியன் 301-ஆம் ஆண்டில் பிறப்பித்த விலை ஆணையை வைத்து ஒரு முடிவுக்கு வந்தார். மத்தியதரைக் கடலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கப்பலில் தானியம் அனுப்ப ஆகும் செலவு, அதே தானியத்தை வண்டியில் ஏற்றி 75 மைல் கொண்டுபோகும் செலவைவிடக் குறைவு. கற்பனை உலகங்களின் வரைபடங்களில் பாதியைக் கிழித்துப் போட இந்த ஒரு கணக்கு போதும். நதியும் இல்லாமல் கடலும் இல்லாமல் பாலைவனத்தின் நடுவே பொன் கோபுரங்களோடு நிற்கும் மாநகரம், அங்கே லட்சக்கணக்கில் ஜனங்கள். ஒரு மாதம்கூடத் தாங்காது. அடுத்து, ஒரே நிறத்தில் மேலங்கி அணிந்து அணிவகுக்கும் பத்தாயிரம் வீரர்கள். ஐரோப்பாவுக்கு நூற்புச் சக்கரம் வந்ததே ஏறக்குறைய 13-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் ஒவ்வொரு இழையும் கையில் தக்களியைச் சுழற்றித் திரித்த இழை. ஒரு தறி நிற்காமல் ஓட வேண்டுமென்றால் பல பேர் நூற்றுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நூற்பவர்கள் கதையில் எங்கே? பெரும்பாலும் அவர்கள் பெண்கள். வாள் செய்யும் கொல்லனுக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கும் எழுத்தாளர்கள் இவர்களுக்கு ஒரு வரிகூடத் தருவதில்லை.

இந்த வகையில் எழுதியவர்கள் கணக்குப் போடக் கற்றுக்கொண்ட வரலாற்றை மூன்று கதைகளில் பார்த்துவிடலாம். 1889-இல் மார்க் ட்வைன் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலை மேற்பார்வையாளனை ஆர்தர் அரசனின் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவன் சில வருடங்களில் தந்தி, பத்திரிகை, ஆலைகள் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுகிறான். ட்வைனுக்கு அது நையாண்டி. கம்பியை எங்கே இழுத்தார்கள் என்ற கேள்வி அவருக்குத் தேவைப்படவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து எல். ஸ்பிரேக் டி கேம்ப் 'லெஸ்ட் டார்க்னஸ் ஃபால்' எழுதினார். அதில் மார்ட்டின் பேட்வே என்ற தொல்லியலாளன் 535-ஆம் ஆண்டு ரோமில் போய் விழுகிறான். அவன் முதலில் செய்வது பிராந்தி வடிப்பது. அதற்கான முதலீட்டை ஒரு வட்டிக்காரரிடம் வாங்குகிறான்; பதிலுக்கு நம் எண்முறையையும் இரட்டைப் பதிவுக் கணக்கையும் கற்றுக்கொடுக்கிறான். அச்சு இயந்திரம்கூடச் செய்துவிடுகிறான். ஆனால் எதில் அச்சடிப்பது? காகிதம் கிடையாது, பதப்படுத்திய தோலுக்கோ கடும் தட்டுப்பாடு. பிற்காலத்தில் குட்டன்பர்க் பைபிளைத் தோலில் அச்சிட, ஒரு பிரதிக்குச் சுமார் 170 கன்றுகளின் தோல் தேவைப்பட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பேட்வே தயாரிக்கும் வெடிமருந்தும் வெடிக்காமல் புஸ்ஸென்று போகிறது. அந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்தவை இந்தத் தோல்விகள்தான்.

மூன்றாவது, 1956-இல் வெளிவந்த பால் ஆண்டர்சனின் 'த மேன் ஹூ கேம் எர்லி'. ஐஸ்லாந்தில் பணிபுரியும் ஓர் அமெரிக்க ராணுவ வீரன் இடி மின்னலில் சிக்கிப் பத்தாம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக்குப் போய்ச் சேர்கிறான். கதையைச் சொல்பவர் அவனுக்கு இடம் கொடுத்த பண்ணைக்காரர். வந்தவன் பொறியியல் படித்தவன், கையில் துப்பாக்கியும் உண்டு. இருந்தும் எதுவும் எடுபடவில்லை. பட்டறையில் உதவப் போய்க் காரியத்தைக் கெடுக்கிறான், ஏனென்றால் அவனுக்குத் தெரிந்த கருவிகளைச் செய்யும் கருவிகள் அங்கே இல்லை. ஆழமான அடிப்பாகம் வைத்த புதுவிதக் கப்பலை வரைந்து காட்டுகிறான். அதைக் கரைக்கு இழுத்து ஏற்ற முடியாதே என்று அவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கடைசியில் அவனை முடிப்பது தொழில்நுட்பக் குறைபாடு அல்ல. சண்டையில் ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். கொலைக்கு ஈடு கொடுத்துச் சமாதானம் செய்ய அந்தச் சமூகத்தில் சட்டம் உண்டு. ஆனால் ஈட்டைத் திரட்டிக் கொடுக்க, பின்னால் நிற்க, சொந்தபந்தம் வேண்டும். அவனுக்கு யாரும் இல்லை. அங்கே உறவுமுறைதான் காப்பீடும் காவல் நிலையமும் நீதிமன்றமும். எந்திரம் இல்லாத உலகம் வெற்றிடமல்ல, வேறு சாமான்களால் நிரம்பிய இடம் என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய கதை வேறு எனக்குத் தெரியாது.

சரித்திரமும் இதையே சொல்கிறது. இன்கா பேரரசில் சுமை இழுக்கச் சக்கர வண்டி கிடையாது, நாம் எழுத்து என்று சொல்வதும் கிடையாது. முடிச்சுப் போட்ட கயிறுகளில் கணக்கு வைத்தார்கள். அஞ்சலோட்டக்காரர்கள் மலைப்பாதைகளில் செய்தி கொண்டுபோனார்கள். வரிக்குப் பதில் மக்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். வழிநெடுகக் களஞ்சியங்கள் இருந்தன. இதை எளிய சமூகம் என்று எவராவது சொன்னால், அவர் அதை ஒரு நாள் நிர்வகித்துப் பார்க்க வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது: வண்டிக் கணக்கும் நூல் கணக்கும் சரித்திர நாவலுக்குப் பொருந்தும், இதில் அறிவியல் எங்கே? டெட் சியாங்கின் முதல் கதையான 'டவர் ஆஃப் பாபிலோன்' இதற்குப் பதில். 1990-இல் வந்து நெபுலா விருது பெற்ற கதை அது. வானம் கல்லால் ஆன கூரை என்று பாபிலோனியர் நம்பியது அப்படியே உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. கோபுரத்தில் வெறுங்கையோடு ஏறினாலே உச்சிக்கு ஒன்றரை மாதம். செங்கல் வண்டியை இழுத்துக்கொண்டு ஏறினால் நான்கு மாதம். ஆகவே கோபுரத்திலேயே மக்கள் பிறந்து வளர்கிறார்கள், அங்கேயே காய்கறி பயிரிடுகிறார்கள். கதையின் முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும், மன்னிக்கவும். வானக் கூரையைக் குடைந்து மேலே ஏறிய சுரங்கத் தொழிலாளி, மறுபடியும் பூமியிலேயே வெளியே வருகிறான். உலகத்தின் வடிவம் அவனுக்கு எப்படிப் புரிகிறது? மெசபொட்டேமியாவில் களிமண்ணில் உருட்டிப் பதிக்கும் உருளை முத்திரையை நினைத்துப் பார்க்கிறான். களிமண்ணில் இரு கோடிகளில் விழும் உருவங்கள் உருளையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வானியல் முழுக்கத் தவறு; சிந்திக்கும் முறையோ கறாரான அறிவியல். 1979-இல் டார்கோ சுவின் இந்த வகை இலக்கியத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். ஒரு புதுமை வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்து தர்க்கப்படி கிளைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் புதுமை எந்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. சுவின் மிகுபுனைவை இளக்காரமாகப் பார்த்தவர். அவர் அளவுகோலிலேயே சியாங் தேறிவிடுகிறார் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

பிரையன் ஆல்டிஸின் ஹெலிக்கோனியா நாவல்கள் மூன்றையும் (1982–85) இதே வரிசையில் வைக்கலாம். இரட்டைச் சூரியன்களைச் சேர்ந்த அந்தக் கிரகத்தில் பேராண்டு ஒன்று நம் ஆண்டுகளில் ஏறக்குறைய 2,500. ஒரு பருவமே பல தலைமுறை நீள்வதால் அரசும் மதமும் கொள்ளைநோயும் பருவத்தோடு எழுந்து விழுகின்றன. மேலே சுற்றிவந்து இதையெல்லாம் வேடிக்கை பார்க்கும் பூமியின் விண்வெளி நிலையம்தான் அந்த நாவல்களின் பலவீனமான பகுதி. ஆல்டிஸுக்குத் தன் கிரகத்தின் மேல் முழு நம்பிக்கை வரவில்லை போலும்.

இரண்டாவது மறுப்பு நியாயமானது. வாசகருக்குக் கதை வேண்டும், தானிய விலைப்பட்டியல் அல்ல. ஆமாம். கணக்கு முழுவதையும் பக்கத்தில் இறக்கிவைத்தால் நாவல் வருவாய்த்துறைக் கோப்பாகிவிடும். ஆனால் எழுதாமல் விடுவதும் தெரியாமல் இருப்பதும் ஒன்றல்ல. டோல்கீன் தன் பாத்திரங்கள் நடந்த தூரத்தையும் வானில் நிலவின் பிறையையும் நாள்வாரியாகச் சரிபார்த்தார், பொருந்தாத இடங்களைத் திருத்தினார். படிக்கும்போது அந்த உழைப்பு கண்ணில் படுவதில்லை; பயணத்தின் களைப்பு மட்டும் நம்பும்படி இருக்கிறது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: இத்தகைய கதைகள் பழைய காலத்துக்கு ஏங்க வைக்கின்றன, உழைத்தவர்களின் வலியை மறைக்கின்றன. பல கதைகளைப் பொறுத்தவரை இது சரியே. ஆனால் ஏக்கம் கணக்குப் போடாத கதையில்தான் வளர்கிறது. ஜார்ஜ் ஆர். ஸ்டூவர்ட்டின் 'எர்த் அபைட்ஸ்' (1949) நாவலில் கொள்ளைநோய்க்குப் பின் மிஞ்சிய சிறு கூட்டத்துக்கு எழுத்தறிவைக் கொடுக்க நாயகன் ஆண்டுக்கணக்கில் முயல்கிறான். பல்கலைக்கழக நூலகம் அப்படியே இருக்கிறது, குழந்தைகளுக்கோ அது தேவைப்படவில்லை. யாரும் பராமரிக்காத குழாயில் ஒரு நாள் தண்ணீர் நின்றுபோகிறது. அவன் விளையாட்டுப் பொருளாகக் கொடுத்த வில்லும் அம்பும்தான் அவர்களிடம் நிலைக்கிறது. பழைய நாணயங்களைத் தட்டி அம்புமுனை செய்கிறார்கள். இதில் ஏக்கமும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. எதைத் தக்கவைக்க எத்தனை கைகள் வேண்டும், இருப்பது எத்தனை என்ற கேள்வி மட்டும் இருக்கிறது.

தமிழில் இப்படி எழுத நினைப்பவர்கள் வெளிநாட்டு ஆய்வு நூல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சரித்திர நாவல்களின் அரண்மனைச் சதிகளைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுக் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய நாளொன்றுக்கு உழக்கு நெய். அந்த நெய்க்காக இடையரிடம் ஒப்படைத்த ஆடுகள் 96.

(தொடரும்)