காவலரை விரட்டும் நஞ்சு

ஒரு கோட்டைக்கு மதிலும் அகழியும் மட்டும் போதா. இரவும் பகலும் விழித்திருக்கும் காவலரும் வேண்டும். நம் உடலும் அத்தகைய ஒரு கோட்டையே. அதற்கும் காவலர் பலர் உளர். உணவு குறைந்தவுடன் பசி நமக்கு அறிவிக்கின்றது. உழைப்பு அளவு மீறும்போது களைப்பு நம்மை ஓய்வுக்கு அழைக்கின்றது. பகலில் நேர்ந்த தேய்வை உறக்கம் சீர்செய்கின்றது. எங்கே கேடு நேர்ந்தது என்பதை நோவு காட்டுகின்றது. வாயில் ஊறும் உமிழ்நீரும் இக்காவலருள் ஒன்றே. இவற்றின் அருமையை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. சில வேளைகளில் இவற்றைத் தொல்லை என்றும் கருதுகிறோம். பசியும் களைப்பும் உறக்கமும் இல்லையானால் எவ்வளவு வேலை செய்யலாம் என்று ஒருமுறையேனும் எண்ணாதவர் யார்? அந்த ஆசையை நிறைவேற்றித் தருவதுபோல உலகில் புகுந்த நஞ்சு ஒன்று உண்டு. மெத்தம்பெட்டமைன் என்பது அதன் பெயர். அது பல்லுக்கும் உடலுக்கும் செய்யும் கேட்டை இப்பாடத்தில் காண்போம்.

இப்பொருள் முதலில் கள்ளச்சந்தையில் தோன்றியதன்று. ஆராய்ச்சிக் கூடத்தில் தோன்றியது. எபெட்ரா என்னும் செடியைச் சீன மருத்துவர் நெடுங்காலமாக இருமலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் பயன்படுத்தி வந்தனர். ஜப்பானிய வேதியியல் அறிஞரான நாகாய் நாகயோஷி, 1885ஆம் ஆண்டில் அச்செடியினின்று எபெட்ரின் என்னும் மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1893இல் அதனை அடிப்படையாகக் கொண்டு மெத்தம்பெட்டமைனை ஆக்கினார். 1919இல் அகிரா ஒகாட்டா என்னும் அறிஞர் அதனைப் படிக வடிவிற் பெற்றார். பின்னர் அது வாணிகப் பொருளாயிற்று. 1938இல் ஜெர்மனியில் பெர்விட்டின் என்னும் பெயரிலும், 1941இல் ஜப்பானில் ஹிரோபான் என்னும் பெயரிலும் அதன் மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. இரண்டாம் உலகப்போரின்போது, படைவீரர் உறங்காது நடக்கவும் விமானிகள் விழித்திருக்கவும் அவை வழங்கப்பட்டன. போர் முடிந்தபின் ஜப்பானில் எஞ்சிய சரக்கு பொதுமக்கள் கைக்குச் சென்றது. சோர்ந்திருந்த மக்கள் அதனை ஊக்கம் தரும் மருந்தென நம்பினர். பலர் அதற்கு அடிமையாயினர். 1951இல் அந்நாடு தனிச்சட்டம் இயற்றி அதனைத் தடுத்தது. எனினும், 1954ஆம் ஆண்டில் மட்டும் 55,000க்கும் மேற்பட்டோரைக் கைது செய்ய நேர்ந்தது. 1971இல் ஏற்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை இப்பொருளைக் கடுங்கட்டுப்பாட்டிற்கு உட்படுத்தியது. நம் நாட்டிலும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி இதனை வைத்திருப்பதும் விற்பதும் உட்கொள்வதும் குற்றமாகும்.

அது தரும் ஊக்கத்தின் தன்மை யாது? நம் மூளையில் டோபமைன் என்னும் ஒரு பொருள் சுரக்கின்றது. நல்ல உணவை உண்ணும்போதும், அருஞ்செயலை முடிக்கும்போதும் நாம் உணரும் நிறைவில் அதற்குப் பங்குண்டு. இயல்பாக அது சிறிது சிறிதாகவே வெளிப்படும். பயன் முடிந்ததும் மீண்டும் உள்வாங்கப்படும். மெத்தம்பெட்டமைனோ, அணையை உடைத்த வெள்ளம்போல அதனை ஒரே வேளையில் வெளியேற்றி, திரும்பிச் செல்லும் வழியையும் அடைத்துவிடுகின்றது. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, பசி மறைகின்றது, உறக்கம் அகல்கின்றது. இதனை உட்கொண்டவர் தமக்குப் புதிய ஆற்றல் பிறந்ததாக எண்ணுகிறார். உண்மையில் புதிதாகப் பிறந்தது ஒன்றுமில்லை. நாளைக்கென உடல் சேமித்து வைத்திருந்ததை இன்றே சூறையாடியதன்றி அது வேறொன்றும் செய்யவில்லை.

இச்சூறையின் அடையாளம் கண்ணுக்கு நன்கு புலப்படும் இடம் வாய். பல்லின் மேலுறையாகிய எனாமல், நம் உடலிலுள்ள பொருள்கள் எல்லாவற்றினும் கடினமானது. ஆயினும் அமிலத்தின் முன் அது நில்லாது. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் இனிப்பை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலத்தைக் கழுவி அகற்றி, அதன் கடுமையை மாற்றி, எனாமல் இழந்த சுண்ணாம்புச் சத்தை மீண்டும் கொணர்ந்து சேர்ப்பது உமிழ்நீரே. நாள்தோறும் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறி, அது இப்பணியை ஓசையின்றிச் செய்து வருகின்றது. மெத்தம்பெட்டமைன் முதலில் இந்த ஊற்றைக் குன்றச் செய்கின்றது. நா வறள்கின்றது, வாய் காய்கின்றது.

ஒரு காவலன் அகன்றால் பகைவர் பலர் நுழைவர் அன்றோ? வறண்ட வாயை நனைக்க விரும்புவோர் தண்ணீரை நாடுவதில்லை. இப்பொருள் இனிப்பின்மேல் வேட்கையை மூட்டுகின்றது. ஆதலின், அவர்கள் இனிப்பும் காற்றும் கலந்த பானங்களை மீண்டும் மீண்டும் பருகுகின்றனர். வாயிலுள்ள நீர்மத்தின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.5க்குக் கீழ் இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். கோலா வகைப் பானங்களின் மதிப்போ 2.5 அளவே. மேலும், இதன் மயக்கில் இருப்போர் தம்மை அறியாமலே பற்களைக் கடித்து நெரிக்கின்றனர். அதனால் வலுவிழந்த பற்கள் தேய்ந்தும் பிளந்தும் போகின்றன. இதன் வேகம் பல மணி நேரம் நீடிப்பதால், அத்தனை நேரமும் பல் துலக்கும் எண்ணமே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வறட்சி, இனிப்பு, நெரிப்பு, புறக்கணிப்பு ஆகிய நான்கும் ஒன்றுகூடிப் பற்களைத் தாக்குகின்றன. ஈறு வீங்குகின்றது, முன்பற்களின் இடுக்குகளிலும் கன்னத்தை நோக்கிய பக்கங்களிலும் சொத்தை பரவுகின்றது, பற்கள் கறுத்து உதிர்கின்றன. அமெரிக்கப் பல் மருத்துவர்கள் இந்நிலைக்கு ‘மெத் வாய்’ என்று தனிப்பெயரே இட்டுள்ளனர்.

இஃது மிகைப்படுத்திச் சொல்லும் அச்சுறுத்தல் அன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் இப்பொருளைப் பயன்படுத்தியவர் 571 பேரின் வாயைப் பல் மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்தனர். அதன் முடிவு 2015இல் வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 96 பேருக்குப் பற்சொத்தை இருந்தது. நூற்றுக்கு 58 பேரின் சொத்தை மருத்துவம் செய்யப்படாமலே கிடந்தது. நூற்றுக்கு 31 பேர் ஆறு பற்களோ அவற்றிற்கு மேலோ இழந்திருந்தனர்.

இப்பொருளின் புகையில் உள்ள அமிலமே பல்லை அரிக்கின்றது என்று சிலர் கருதுவதுண்டு. அவ்வாறாயின், ஊசி வழியாக ஏற்றிக்கொள்வோரின் பற்கள் நன்றாக இருத்தல் வேண்டும். அவர்கள் பற்களும் கெடுகின்றன என்பதே ஆராய்ச்சி காட்டும் உண்மை. ஆகவே, எவ்வழியாக உட்கொண்டாலும் கேடு ஒன்றே. பல்லைத் தாக்குவது புகை மட்டுமன்று. காவலற்றுப் போன வாழ்க்கையே பல்லைத் தாக்குகின்றது.

வாயில் நிகழ்வதே உடல் முழுவதும் நிகழ்கின்றது. பசி என்னும் காவலன் அகன்றதால் உடல் மெலிகின்றது. கன்னம் ஒடுங்கி, இளையோரும் முதியோர்போலத் தோன்றுகின்றனர். உறக்கம் அகன்றதால் மனம் தடுமாறுகின்றது. இல்லாத குரல்கள் காதில் ஒலிக்கின்றன. உற்றாரும் பகைவராகத் தெரிகின்றனர். தோலுக்கடியில் பூச்சிகள் ஊர்வதாகச் சிலருக்குத் தோன்றும். அவர்கள் ஓயாது சொறிந்து புண்ணாக்கிக்கொள்கின்றனர். அப்புண்களும் எளிதில் ஆறுவதில்லை. குருதிக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் மிகுவதால், இளவயதிலேயே மாரடைப்பும் பக்கவாதமும் நேரலாம். நெடுநாள் பயன்படுத்துவோரின் இதயத் தசை தளர்ந்து விரிவடைகின்றது. உடல் வெப்பம் அளவு கடந்து ஏறினால் உயிரே போகும். ஒருவர் பயன்படுத்திய ஊசியைப் பிறரும் பயன்படுத்துவதால் எச்.ஐ.வி. தொற்றும் கல்லீரல் அழற்சியும் பரவுகின்றன.

இவ்வளவு கேட்டிலிருந்து மீள வழியுண்டா? உண்டு. மூளையில் டோபமைனை உள்வாங்கும் அமைப்புகள் இப்பொருளால் சிதைவுறுகின்றன. ஆயினும், ஓராண்டுக்கு மேல் முற்றிலும் விலகியிருந்தவர்களிடம் அவை ஓரளவு மீண்டு வந்ததை மருத்துவ அறிஞர்கள் கண்டுள்ளனர். இப்பழக்கத்தைப் போக்குவதற்கென்று ஏற்பளிக்கப்பட்ட தனி மருந்து இன்னும் இல்லை. மனநல மருத்துவரின் தொடர்ந்த அறிவுரையும், விலகியிருக்கும் ஒவ்வொரு நாளையும் பாராட்டி ஊக்குவிக்கும் பயிற்சி முறையும் பலரை மீட்டுள்ளன. வாயைப் பொறுத்தவரையில், இனிப்புப் பானத்தை விட்டுத் தண்ணீர் பருகுதல், புளூரைடு கலந்த பற்பசையால் துலக்குதல், பல் மருத்துவரை அணுகுதல் ஆகியவை எஞ்சிய பற்களைக் காக்கும். ஆனால், உதிர்ந்த பல் மீண்டும் முளைப்பதில்லை. உடல் சிலவற்றை மன்னிக்கும், எல்லாவற்றையும் மன்னிப்பதில்லை.

மற்றொன்றையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். பல்லிழந்தவர் வாய்விட்டுச் சிரிக்கக் கூசுகின்றார். வேலை தேடிச் செல்லத் தயங்குகின்றார். மருத்துவரிடம் வாயைத் திறக்கவும் நாணுகின்றார். அவ்வெட்கம் அவரை இருளிலே நிறுத்தி, மீண்டும் அந்நஞ்சினிடமே தள்ளுகின்றது. அவரைக் கண்டு நகைப்பவர் அத்தள்ளுதலுக்குத் துணை செய்பவராவார். நோயுற்றவரை நோயாளராக நடத்துவதே அறிவுடைமை. அவர் கையைப் பற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே நட்பு.

மாணவர்களே! தேர்வுக் காலத்தில் உறக்கத்தை வெல்லலாம் என்றோ, விளையாட்டில் களைப்பை வெல்லலாம் என்றோ கூறி யாரேனும் ஒரு பொருளை நீட்டினால், அவர் உங்களுக்கு வலிமையைத் தரவில்லை, உங்கள் காவலரை விலைபேசுகிறார் என்று அறிவீர்களாக. பல் போனால் சொல் போயிற்று என்பது பழமொழி. இந்நஞ்சால் போவது சொல் மட்டுமன்று. உறக்கமும் உறவும் உயிரும் அதனுடன் போகும். பசித்தபோது உண்டு, களைத்தபோது ஓய்ந்து, இரவில் உறங்கி எழுபவரிடத்தில்தான் உண்மையான ஊக்கம் நிலைத்திருக்கும்.